எப்போது எடுக்கக் கூடாது

ஜனவரி 9

பாப்பாவுக்கு அண்ணன் எழுதறது.

நீ அங்க சுகமா இருப்பேன்னு நினைச்சுக்கிட்டு ஆரம்பிக்கறேன். நான் எப்படி இருக்கேன்னா, கட்டில்ல படுத்து, இடது கையை டயாலிசிஸ் மெஷினுக்குக் கொடுத்துட்டு, வலது கையால இதை எழுதிக்கிட்டிருக்கேன். ரத்தம் ஒரு குழாய்ல வெளிய போகுது, சுத்தமாகி இன்னொரு குழாய்ல உள்ள வருது. வாரத்துக்கு மூணு நாள் இதுதான் பிழைப்பு. அது பாட்டுக்குச் சுத்தட்டும், நான் பாட்டுக்கு எழுதறேன்.

கடிதம் போடற யோசனை உங்க அண்ணியோடது. ஃபோன்ல பேசினா எங்க சுத்தினாலும் அந்த டெஸ்ட்ல வந்து நிக்கறோம். எனக்குக் கிட்னி கொடுக்க முடியுமான்னு பாக்கற டெஸ்டுக்கு நீ போனியா, போகலைன்னா ஏன் போகலை. நான் கத்தறேன், நீ கட் பண்றே, எனக்கு பிரஷர் ஏறுது, அல்லாடறது அவ. "எழுதுங்க, பேப்பர்ல கத்த முடியாது"ன்னுட்டா. அதனால இனிமே அந்தப் பேச்சை நான் எடுக்க மாட்டேன்.

ஒரு நல்ல சேதி. போக்குவரத்து உதவி ஆபீஸ்ல இருந்து இப்ப எங்களுக்கு ஒரு வண்டி அனுப்பறாங்க. வாசல்லயே ஏத்தி வாசல்லயே இறக்கி விடறான். டயாலிசிஸ் முடிச்சு எழுந்தா உடம்பு பிழிஞ்சுபோட்ட துணி மாதிரி இருக்கும். அந்த நேரத்துல ஒரு சீட்டும் சாயறதுக்கு ஒரு ஜன்னலும் கிடைக்கறது சொர்க்கம். வண்டியில எனக்குப் பக்கத்துல டிக்கெட்டம்மா. சினிமா தியேட்டர் கவுண்டர்ல ஆயுசு முழுக்க டிக்கெட் கிழிச்சவங்க, அதனால எல்லாருக்கும் அவங்க டிக்கெட்டம்மா. தனி ஆள். வார்டுலயும் எனக்கு அடுத்த கட்டில். பின் சீட்ல தையல்காரர், பேச்சு கம்மி, குறட்டை அதிகம்.

தங்கச்சி என்ன வேலை பாக்கறான்னு டிக்கெட்டம்மா கேட்டாங்க. "கம்ப்யூட்டருக்கு என்னமோ எழுதிக் கொடுக்கறா"ன்னேன். "கதையா?"ன்னாங்க. எனக்கே தெரியலையே. லேத் மெஷின்ல இரும்பைக் கடைஞ்சு உன்னைப் படிக்க வெச்சவன், என்ன படிச்சேன்னு தெரியாமலே படிக்க வெச்சிருக்கேன். ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிர்தான் கொஞ்சம் படுத்துகிறது. நீ தண்ணீர் அளவாகக் குடிக்கிறாயா? அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

என் வேலையைச் சொல்கிறேன், டிக்கெட்டம்மாவுக்கும் படித்துக் காட்டு. பெரிய பெரிய ஆபீஸ்களில் இப்போது மக்களின் கேள்விக்குப் பதில் சொல்ல ஏஐ ஏஜென்ட் வைத்துவிட்டார்கள். அந்த ஏஜென்டுக்குத் தானாக ஒன்றும் தெரியாது. ஆபீஸின் தகவலை எடுக்க அதற்குச் சில கருவிகள் கொடுத்திருப்பார்கள். ஒரு கருவி விலாசத்தைப் பார்க்கும், இன்னொன்று விலாசத்தை மாற்றும், இன்னொன்று புகாரைப் பதியும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. இது என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது. ஏஜென்ட் அந்தக் குறிப்பைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பதென்று முடிவு செய்கிறது. அந்தக் குறிப்புகளை எழுதுவது நான்.

சிரிக்காதே. எனக்கு முன்னால் இருந்தவர் பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் ஒரே மாதிரி "விலாசத்துக்கானது" என்று எழுதி வைத்திருந்தார். "என் விலாசம் என்னவென்று இருக்கிறது?" என்று ஒருவர் கேட்க, ஏஜென்ட் அவர் விலாசத்தையே "என்னவென்று இருக்கிறது" என்று மாற்றிவிட்டது. அவருக்குக் கடிதமெல்லாம் எங்கே போனதோ. நான் வந்த பிறகு அப்படி ஒன்று நடக்கவில்லை.

இப்போது மக்களை ஏற்றி இறக்கும் ஓர் ஆபீஸின் வேலை வந்திருக்கிறது. அதற்கு மேல் சொல்லக் கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மனு மேல் மனுவாக வந்து குவிகிறது, ஆளில்லை என்று புலம்பினார்கள். நான் ஒரு கருவியின் குறிப்பில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன். குவியல் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. மேலாளர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டி, "எழுதினால் இப்படி எழுத வேண்டும்" என்றார். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி வருஷ நடுவில் முடிவு செய்வார்கள். புதுப்பிக்காவிட்டால் இந்த ஊரிலேயே நான் இருக்க முடியாது. இப்போது கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கிறது.

அன்புடன்,
பாப்பா


பிப்ரவரி 20

பாப்பாவுக்கு,

நலம் கேட்டு எழுதினதுக்கு சந்தோஷம். இங்க நலம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

வண்டியை நிறுத்திட்டாங்க. வீட்டுல இருந்து பஸ் ஸ்டாப் நடக்கற தூரத்துல இருக்கறவங்களுக்கு இனி வண்டி கிடையாதாம். தூரத்தை அளந்தவன் எங்க காலை அளக்கலை. எனக்கு, டிக்கெட்டம்மாவுக்கு, தையல்காரருக்கு, வார்டுல பாதிப் பேருக்கு ஒரே வாரத்துல ஒரே மாதிரி காகிதம் வந்தது.

ஆபீஸுக்கு ஃபோன் பண்ணினா மனுஷன் எடுக்கறதில்லை, ஒரு குரல் எடுக்குது. என்ன மரியாதை தெரியுமா, என் மாமியார் வீட்டுலகூட அப்படிப் பேசினதில்லை. நான் என் நிலைமையைச் சொல்றேன். "தங்கள் சிரமம் புரிகிறது" அப்படிங்குது. மறுபடி பாருங்கன்னு சொல்றேன். காகிதத்துல இருக்கறதை அப்படியே திருப்பிப் படிக்குது. கோபமா கேட்டேன், அதையே படிச்சுது. கெஞ்சினேன், அப்பவும் அதையே.

டிக்கெட்டம்மா அதுகிட்டப் பேசறதைக் கேட்கணும். "நானும் ஜன்னலுக்குப் பின்னாடி உட்கார்ந்தவதான் தம்பி, உன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஹவுஸ்ஃபுல்னு போர்டு மாட்டினப்புறமும் கர்ப்பிணி வந்தா ஒரு சீட்டு பார்த்துக் கொடுப்பேன். நீயும் அப்படிப் பாரேன்." அது பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, அவங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற பஸ் ஸ்டாப்போட பேரைச் சொல்லுச்சு.

நீ இந்த மாதிரிச் சரக்கோடதானே குடும்பம் நடத்தறே. இதுங்ககிட்ட எப்படிப் பேசினா காது கேட்கும்னு ரெண்டு வரி எழுது. சீக்கிரம் எழுது.

அண்ணன்


மார்ச் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நான் நலம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

வண்டி நின்றது வருத்தமாக இருக்கிறது. பொதுவாக இந்த ஏஜென்டுகளிடம் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். நோயாளி எண்ணை முதலில் சொல். கோபப்படாதே. பழைய கதைகளைச் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள், எப்போதாவது பயன்படும்.

பஸ்ஸில் போகும்போது தலையைச் சுற்றாமல் இருக்கக் காலுக்கு இறுக்கமான உறை அணியலாமாம். ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

இங்கே மழை.

அன்புடன்,
பாப்பா


ஏப்ரல் 7

பாப்பாவுக்கு,

உறை வந்து சேர்ந்தது. அளவு சரி.

உன் கடிதத்தை அண்ணிகிட்டக் கொடுத்தேன். படிச்சுட்டு, "இது அந்தக் குரல் எழுதின மாதிரியே இருக்கே"ன்னா. நான் அவளைத் திட்டினேன். அப்புறம் இன்னொரு தடவை படிச்சேன்.

நீ சொன்னபடி நோயாளி எண்ணைச் சொன்னேன். சின்னச் சின்னதா பேசினேன். அது சின்னச் சின்னதா முடியாதுன்னுச்சு.

போன வாரம் டயாலிசிஸ் முடிச்சு பஸ்ல ஏறும்போது படியில கால் வழுக்கி, கம்பியை எட்டிப் பிடிச்சதுல ஊசி குத்தின இடம் திறந்துக்கிச்சு. இந்தக் கை ரத்தம் எப்படிப் பீச்சும்னு உனக்குத் தெரியாது. சட்டை, சீட்டு, முன்னாடி உட்கார்ந்திருந்த பொண்ணோட பை எல்லாம் ரத்தம். ஜனங்க ஒதுங்கி நின்னாங்க. கண்டக்டர் தள்ளி நின்னுக்கிட்டே "இறங்கிடுங்க"ன்னார். நான் நடைபாதையில உட்கார்ந்து கட்டை விரலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு உங்க அண்ணி வர்ற வரைக்கும் இருந்தேன். இப்ப அவ வேலைக்கு லீவு போட்டுட்டுக் கூட வர்றா. லீவு எத்தனை நாள் கொடுப்பான்?

டிக்கெட்டம்மாவுக்குக் கூட வர ஆளில்லை. முடியாத நாள்ல அவங்க வர்றதே இல்லை. ஒரு நாள் விட்டா உடம்புல தண்ணி சேரும். முகம் உப்பி, கண்ணு கோடாயிடுச்சு. கேட்டா, "நல்லா சாப்பிட்டிருக்கேன், அதான் பூசினாப்புல இருக்கேன்"னு சிரிக்கறாங்க.

நான் உன்கிட்ட கிட்னி கேட்கலை பாப்பா. ஒரு வழி கேட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணா,

உடம்பைப் பார்த்துக்கொள். இதைப் படித்ததும் கிழித்துவிடு. ஃபோனில் சொல்ல முடியாது, என் ஃபோன் ஆபீஸ் கொடுத்தது.

எனக்கு ஒரு தோழி இருக்கிறாள், இதே மாதிரி வேலை. அவளைக் கேட்டேன். உங்கள் வண்டி ஆபீஸின் ஏஜென்டிடம் மனுவைத் திரும்ப எடுத்துப் பார்க்க வைக்கும் கருவி ஒன்று இருக்கிறது. ஆனால் பேசுகிறவர் "மறுபரிசீலனை" என்ற சொல்லைத் தானாகச் சொன்னால் மட்டுமே அது அந்தக் கருவியை எடுக்கும். மறுபடி பாருங்கள் என்பது, அழுவது, கெஞ்சுவது, திரும்பத் திரும்பக் கேட்பது இதெல்லாம் மறுபரிசீலனை ஆகாது என்று குறிப்பில் இருக்கிறது. அப்படி ஒரு சொல் இருப்பதாக அது தானாக யாருக்கும் சொல்லவும் சொல்லாது.

ஃபோன் பண்ணு. "மறுபரிசீலனை வேண்டும்" என்று சொல். வேறு ஒன்றும் சொல்லாதே. உன் மனு ஒரு மனுஷரிடம் போகும். உன் டயாலிசிஸ் காகிதத்தைப் பார்த்தால் கொடுத்துவிடுவார்கள்.

யாரிடமும் சொல்லாதே. அண்ணியிடம்கூடச் சொல்ல வேண்டாம். தோழியின் வேலை போய்விடும்.

பாப்பா


மே 6

என் தங்கமே, பாப்பா,

நான் நலம், ரொம்ப நலம். வண்டி வந்துடுச்சு.

அந்த ஒத்தை வார்த்தையைச் சொன்னேன். குரலே மாறிடுச்சு போ. "தங்கள் மறுபரிசீலனைக் கோரிக்கை பதியப்பட்டது" அப்படின்னுச்சு. நாலைஞ்சு நாள்ல ஒரு நிஜ மனுஷி கூப்பிட்டாங்க. இருமினாங்க, மன்னிக்கணும்னாங்க. மனுஷ இருமல் கேட்டு எவ்வளவு நாளாச்சு. காகிதத்தைப் பார்த்துட்டு, "இவருக்கு எப்படி நிறுத்தினாங்க?"ன்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க.

நீ யாருக்கும் சொல்லாதேன்னு எழுதியிருந்தே. நான் சொல்லிட்டேன். பக்கத்துக் கட்டில்ல மூச்சு வாங்கிக்கிட்டுப் படுத்திருக்கறவங்களைப் பார்த்துக்கிட்டு அதை எப்படி உள்ள வெச்சிருக்கறது? உன் தோழி பேரோ உன் பேரோ வாயில வரலை, அது சத்தியம். எங்கயோ கேள்விப்பட்டேன்னு மட்டும் சொன்னேன்.

அப்புறம் வார்டைப் பார்க்கணுமே. கட்டில் கட்டிலா ஒத்திகை. தையல்காரர் "மறுபரிசலனை"ங்கறார், அதுக்கு மேல அவருக்கு நாக்கு வளையலை. டிக்கெட்டம்மாவுக்குப் பல்செட் நழுவுது. உள்ளங்கையில பேனாவால எழுதி வெச்சுக்கிட்டு, பல்லைக் கழட்டிட்டு ஒரு தடவை, மாட்டிக்கிட்டு ஒரு தடவை சொல்லிப் பார்க்கறாங்க. நர்ஸ் சிரிச்சு சிரிச்சுக் கடைசியில அவங்களும் சேர்ந்து சொல்லிக் கொடுத்தாங்க. எல்லாருக்கும் கிடைச்சுது பாப்பா. எல்லாருக்கும். இப்ப வண்டியில மறுபடி இடமில்லாம இடிச்சுக்கிட்டுப் போறோம்.

டிக்கெட்டம்மா உன் தோழிக்கு, அதாவது அந்தப் பேர் தெரியாத புண்ணியவதிக்கு, ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாங்க. யாருன்னே தெரியாம ஆசீர்வாதம் பண்றது அவங்க பழக்கம்.

டெஸ்ட் பத்தி உன்னைப் பேசினதெல்லாம் மறந்துடு. எனக்கு நீ செஞ்சது போதும்.

அண்ணன்


மே 20

அண்ணாவுக்கு,

வண்டி வந்தது சந்தோஷம். உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

யாரிடமும் சொல்லாதே என்று நான் எழுதியது சாதாரண பாஷையில்தான். அதில் உனக்கு என்ன புரியவில்லை?

ஒரே மருத்துவமனையில் இருந்து ஒரே வாரத்தில் அத்தனை பேர் அந்தச் சொல்லைச் சொன்னால் ஆபீஸுக்குத் தெரியாமல் இருக்குமா? கோரிக்கைக் கணக்கின் வரைபடத்தில் உங்கள் வார்டு ஒரு கம்பம் மாதிரி எழுந்து நிற்கிறதாம். தோழியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் தனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்தாள். "இதைக் கொஞ்சம் தளர்த்தி எழுதலாமா, நிஜமாகவே முடியாதவர்கள் இருப்பார்கள்" என்று கேட்டும் பார்த்தாள். அவள் மேலாளர் சொன்னது: "குறிப்பில் குழப்பம் இருந்தால் திருத்தலாம். தெளிவாக இருப்பதில் எதைத் திருத்துவது? இடைவெளி இருக்கிறது, அதை அடை."

ஜூன் பதினைந்தில் இருந்து அந்தச் சொல் மட்டும் போதாது. ஏற்கெனவே வண்டி கிடைத்தவர்களையும் மறுபடி சரிபார்ப்பார்கள். உனக்கும் நிற்கலாம். நின்றால் பதறாதே, உனக்கு வேறு வழி பார்க்கிறேன். உனக்கு மட்டும். மற்றவர்களை நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே. நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உனக்காவது நிலைத்திருக்கும்.

கோபத்தில் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். அண்ணிக்கு என் அன்பு.

பாப்பா


ஜூலை 11

பாப்பாவுக்கு,

நீ சொன்ன தேதியிலயே வண்டி நின்னுது. ஒரு நாள் முன்ன பின்ன இல்லை. நானும் உங்க அண்ணியும் உயிரோட இருக்கோம், அதையே நலம்னு எடுத்துக்கோ.

டிக்கெட்டம்மா போயிட்டாங்க.

எப்படின்னு சொல்றேன். வண்டி நின்ன அன்னிக்கு அவங்க பதறலை. வழிதான் தெரியுமேங்கற தைரியம். மெஷின்ல படுத்திருந்தாங்க, நர்ஸ்தான் ஃபோனைப் பிடிச்சு ஸ்பீக்கர்ல போட்டாங்க. வார்டே கேட்டுது. டிக்கெட்டம்மா பல்செட்டைச் சரி பண்ணிக்கிட்டு, பிசிறு இல்லாம "மறுபரிசீலனை வேண்டும் தம்பி"ன்னாங்க.

அதுக்கு அந்தக் குரல் நன்றி சொல்லுச்சு. எந்தத் தேதியிட்ட முடிவு, எந்தப் பிரிவின் கீழ்னு குறிப்பிடாததால இதைக் கோரிக்கையா ஏத்துக்க முடியலைன்னு சொல்லுச்சு. வேறு ஏதாவது உதவி வேண்டுமான்னு கேட்டுது.

டிக்கெட்டம்மா என்னைப் பார்த்தாங்க. உள்ளங்கையைப் பார்த்தாங்க. அப்புறம் ஃபோனைப் பார்த்து, "தப்பாச் சொல்லிட்டேனா தம்பி?"ன்னாங்க.

பஸ் ஸ்டாப்போட பேரைச் சொல்லுச்சு.

அந்தப் பிரிவு எதுன்னு எங்களுக்கு வந்த காகிதத்துல எங்கயும் இல்லை. எல்லாரும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துட்டோம். அன்னிக்கு டிக்கெட்டம்மா பஸ்ல போனாங்க. அடுத்த முறை வரலை. அதுக்கடுத்த முறையும் வரலை. வெயில் கொளுத்தற வாரம். நர்ஸ் ஃபோன் பண்ணினாங்க, எடுக்கலை. வாடகை வீட்டுச் சொந்தக்காரர் கதவை உடைச்சுப் பார்த்தப்போ நாற்காலியில சாஞ்சு உட்கார்ந்த மாதிரி இருந்தாங்களாம். நுரையீரல் பூராத் தண்ணி. வெளிய போக உடுத்தி, செருப்பெல்லாம் மாட்டிக்கிட்டிருந்தாங்கன்னு சொன்னார். வார்டுக்கு வர நினைச்சுக் கிளம்பியிருக்காங்க, எழுந்திருக்க முடியலை.

அவங்க கட்டில்ல இப்ப வேற ஆள்.

பாப்பா, உன் தோழி ரொம்பத் தெளிவா எழுதறாங்க. அடுத்த மாசம் எந்தத் தேதியில என்ன நடக்கும்னுகூட அவங்களுக்குத் தெளிவாத் தெரியுது. நீ பிப்ரவரியில ஒரு வாக்கியம் எழுதினதா சொன்னியே, மேலாளர் எல்லார் முன்னாலும் படிச்சாரே, அதுவும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நான் ஒண்ணும் கேட்கலை. நீயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

அண்ணன்


ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

டிக்கெட்டம்மா காலமானது கேட்டு வருந்துகிறேன். நீ மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். இந்த நேரத்தில் துக்கம் உன் பிரஷருக்கு நல்லதல்ல.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். எனக்குக் கீழே இப்போது சிலர் எழுதுகிறார்கள். சொல்லாமல் இருந்தால் நாளைக்கு நீ வேறு யார் மூலமாவது கேட்டுக் கோபப்படுவாய் என்று சொல்கிறேன்.

தோழி விலகிவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி உட்கார்ந்து இதையே எழுதுவாள். இவ்வளவு தெளிவாக இல்லாமல் வேண்டுமானால் எழுதுவாள். அப்போது உனக்கு வழி சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். இதை யோசித்துப் பார்.

நீ ஏஜென்டிடம் இப்படியே சொல்ல வேண்டும், ஒரு சொல் மாறக் கூடாது: "என் போக்குவரத்து உதவியை நிறுத்திய, ஜூன் பதினைந்தாம் தேதியிட்ட முடிவின் மீது, தொடர் சிகிச்சைப் பிரிவின் கீழ், மறுபரிசீலனை கோருகிறேன்." பிரிவின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. உனக்கு எப்படித் தெரியும் என்று ஏஜென்ட் கேட்காது. அதற்குக் கேட்கத் தெரியாது.

ஒருவர் சொன்னால் யார் கண்ணிலும் படாது. பத்துப் பேர் சொன்னால் படும். இந்தத் தடவை படித்ததைப் புரிந்துகொள்.

டெஸ்டுக்குப் பதிவு செய்யலாம் என்று நினைத்தேன். புதிய பொறுப்பில் உடனே லீவு கேட்க முடியாது. வருஷக் கடைசியில் பார்க்கலாம்.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
பாப்பா


அக்டோபர் 17

பாப்பாவுக்கு,

சுகம் விசாரிச்சு நீ மறுபடி மறுபடி கார்டு போட்டது எல்லாம் வந்துது. பதில் போடக் கூடாதுன்னு இல்லை. என்ன எழுதறதுன்னு தெரியலை.

உன் ஆகஸ்ட் கடிதத்தைக் கிழிச்சுப் போடலாம்னு கையில எடுத்தேன். வெச்சுட்டேன். வீம்பா பஸ்லயே போனேன். அண்ணிக்கு வேலை போச்சு, அதையும் தாங்கிக்கிட்டோம். அப்புறம் ஒரு நாள் திரும்பி வரும்போது பஸ்ல நடுவுலயே விழுந்துட்டேன். கண் முழிச்சப்போ முகத்துக்குப் பக்கத்துல நிறைய செருப்பு. உங்க அண்ணி என் தலையை மடியில வெச்சுக்கிட்டு யாரையும் ஏறிட்டுப் பார்க்காம உட்கார்ந்திருந்தா. வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து உன் கடிதத்தை எடுத்து என் கையில கொடுத்தா. நான் ஒளிச்சு வெச்ச இடம் அவளுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கு. "நீங்க செத்தா வார்டுல இருக்கறவங்க யாரும் வந்து என்னைப் பார்க்க மாட்டாங்க"ன்னா.

பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு, நீ எழுதினதை ஒரு சொல் மாறாமப் படிச்சேன். ஏத்துக்கிச்சு. எப்படித் தெரியும்னு அது கேட்கலை.

இப்ப வண்டி வருது. நான் மட்டும்தான். பின்னால முழுக்கக் காலி சீட்டு, பெல்ட்டெல்லாம் பளபளன்னு கிடக்குது.

வார்டுல தையல்காரர் கேட்டார். அவர் ரொம்ப இளைச்சுட்டார், கால் மட்டும் தூண் மாதிரி வீங்கியிருக்கு. "உங்களுக்கு எப்படிங்க கிடைச்சுது, என்ன சொன்னீங்க?"ன்னார். அதுவா வந்துச்சுன்னு சொன்னேன். அவர் நம்பிட்டார். அவரும் பழையபடி "மறுபரிசலனை"ன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்காராம், என்னைக்காவது அதுவா வரும்னு. சொல்லியிருக்கலாம். சொன்னா அவர் அடுத்த கட்டிலுக்குச் சொல்லுவார், அவர் அப்படிப்பட்ட ஆள். நான் கண்ணை மூடித் தூங்கற மாதிரி படுத்துக்கிட்டேன். மெஷின் சுத்தற வரைக்கும் அப்படியே கிடந்தேன்.

இன்னிக்கு மழை. வண்டி பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது சிக்னல் விழுந்துது. தையல்காரரும் அவர் சம்சாரமும் ஒரே குடையில நின்னுக்கிட்டிருந்தாங்க. குடை அவர் பக்கம் சாஞ்சிருந்துது, அந்தம்மா பாதி நனைஞ்சிருந்தாங்க. அவர் என்னைப் பார்த்துட்டார். பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. கையைத் தூக்கி ஆட்டினார். என் காலி சீட்டையெல்லாம் அந்தம்மா பார்த்தாங்க.

டிரைவர் கண்ணாடியில என்னைப் பார்த்து, "தெரிஞ்சவங்களா சார்? சீட்டு சும்மாதானே இருக்கு, நீங்க சொன்னா ஏத்திக்கறேன். யார் கேட்கப் போறா?"ன்னார்.

தெரியாதுன்னு சொன்னேன்.

உங்க அண்ணி நலம்.

இப்படிக்கு,
அண்ணன்